ப்ளைவுட் படகு ஓட்டையில்தான் சாகும்: எபாக்ஸியும் ஃபைபர்கிளாஸும் போட்டுக் கட்டப் போகிறவர்களுக்கு

பார்க்கப் புதிது போலிருந்த ஒரு சின்னப் பாய்மரப் படகை ஒருமுறை என்னிடம் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார்கள். பெயின்ட் பளபளவென்று இருந்தது. டெக்கில் கயிறு கட்டுகிற கிளீட்டுக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நனைந்த அட்டை மாதிரி அமுங்கியது. கிளீட்டைப் பிடித்து இழுத்தால் நான்கு திருகாணிகளும் திருப்பாமலேயே கையோடு வந்துவிட்டன. சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு மரம் கறுத்து மக்கியிருந்தது. அங்கிருந்து இரண்டடி தள்ளி ரம்பம் போட்டபோது வந்த தூளோ வெளுப்பாக, காய்ந்த மரத்தின் வாசனையோடு இருந்தது. ஒரே பலகை, மேலே பூசிய அதே எபாக்ஸிப் பிசின், ஒரே வயது. வித்தியாசம் அந்த நான்கு ஓட்டைகள் மட்டும்தான்.

"ப்ளைவுட் படகு எத்தனை வருஷம் தாங்கும்?" என்று புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பலகையின் நடுப்பகுதியைக் கேட்டால், உங்களைவிட அதிக நாள் இருக்கலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் கூஜன் சகோதரர்கள் 1970-இல் இறக்கிய 'அடாஜியோ' என்ற மூன்று உடல்கள் கொண்ட 35 அடிப் பாய்மரப் படகு மரமும் எபாக்ஸியும் மட்டும் சேர்ந்தது. இணைப்புகளைத் தாங்க ஆணிகளை நம்பாமல் பசையையே நம்பிக் கட்டியது. பல பத்தாண்டுகள் பந்தயம் ஓடியது. பிரிட்டனில் 1963-இல் அறிமுகமான 'மிரர்' என்ற சின்னப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் இருவரும் வடிவமைத்தது. ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ஃபைபர்கிளாஸ் (கண்ணாடியிழை) நாடா ஒட்டி, வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. தொடக்க கால மிரர்களில் எபாக்ஸி கிடையாது, பாலியெஸ்டர் ரெசின்தான். அப்படியிருந்தும் பார்த்துப் பார்த்து வைத்திருந்தவை இன்னும் மிதக்கின்றன.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: எந்த விளிம்பில், எந்த ஓட்டையில் தண்ணீர் உள்ளே போகும்? கட்டும்போது உங்கள் பொறுமையில் பெரும்பங்கு அங்கேதான் செலவாக வேண்டும்.

கடல் அல்ல, மழை

மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு வேண்டியவை நான்கு: மரம், காற்று, மிதமான சூடு, ஈரம். முதல் மூன்றை நாம் தடுக்க முடியாது. ஈரம் ஒன்றுதான் நம் கையில். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது; 30-ஐ நெருங்கினால் அதற்குக் கொண்டாட்டம்.

உப்புத் தண்ணீர் பூஞ்சைக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் கடலில் நனைகிற அடிப்பகுதி நன்றாக இருக்கும்; மழையும் பனியும் இறங்கித் தேங்குகிற டெக்கும், பின்பலகையின் மேல் விளிம்பும், உள்மூலைகளும்தான் முதலில் மக்கும். கடல் தண்ணீரில் மரத்துக்கென்று தனி எதிரி ஒன்று உண்டு, மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எபாக்ஸி பூசிவிட்டால் மரம் முழுக்கப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எபாக்ஸி நீராவியை முற்றாகத் தடுப்பதில்லை, மிக மெதுவாக்குகிறது. அந்த மெதுவும் பூச்சின் தடிமனைப் பொறுத்தது. அப்புறம் இன்னொன்று: உள்ளே வரவிடாத பூச்சு வெளியேயும் போகவிடாது. ஓட்டை வழியாகப் போன ஒரு கரண்டித் தண்ணீர் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். எபாக்ஸி போட்ட மரம் போடாத மரத்தைவிடச் சில இடங்களில் வேகமாக மக்குவதற்கு இதுதான் காரணம்.

பலகை வாங்கும்போது

மரைன் ப்ளைவுட் என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றல்ல. பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரம்தான் இந்தத் துறையில் எல்லோரும் சுட்டுவது. கொதிநீரிலும் பிரியாத பசை, உள் அடுக்குகளில் வெற்றிடங்கள் இல்லாமை, நல்ல மேல் ஏடுகள் ஆகியவற்றை அது கேட்கிறது. ஆனால் அந்த முத்திரை இருந்தால் மரம் மக்காது என்று அர்த்தமில்லை. படகு கட்டுவோர் விரும்பி வாங்கும் ஒக்கூமே, ஆப்பிரிக்காவின் காபோன் பக்கத்து மரம், லேசானது, நன்றாக வளையும், ஆனால் பூஞ்சைக்கு எளிதில் இரையாகும். மெரான்டி என்ற மரத்துக்குக் கனம் அதிகம், தாக்குப்பிடிப்பதும் அதிகம். சின்ன வேகப் படகுக்கு ஒக்கூமே, கனம் பொருட்டில்லாத படகுக்கு மெரான்டி என்பது என் கணக்கு.

முத்திரையை நம்பாமல் நீங்களே சோதிக்கலாம். ஒரு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள், காய விடுங்கள், மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை படகுக்கு ஆகாது. வெட்டிய விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். உள் அடுக்கில் இடைவெளி தெரிந்தால் அது தண்ணீருக்கு நீங்களே வெட்டிக் கொடுக்கும் வாய்க்கால்.

வாங்கிய பலகையை நிழலில், தரையைத் தொடாமல், இடையில் சட்டங்கள் கொடுத்துச் சில வாரம் அடுக்கி வையுங்கள். ஈரமானியில் 12 சதவீதத்துக்குக் கீழே காட்டினால்தான் எபாக்ஸியைத் தொட வேண்டும்.

கலக்குவது

எபாக்ஸி இரண்டு பாகமாக வரும்: ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர். பாலியெஸ்டர் ரெசினோடு பழகியவர்கள் இங்கே வழுக்குகிறார்கள். பாலியெஸ்டரில் அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்ஸியில் அந்த வேலையே கூடாது. ஹார்டனரை அதிகம் ஊற்றினால் வேகமாக இறுகாது. என்றைக்குமே முழுதாக இறுகாமல் பிசுபிசுப்பாக நின்றுவிடும். ஒன்றுக்கு இரண்டோ, மூன்றோ, ஐந்தோ, உங்கள் டப்பாவில் எந்த விகிதம் போட்டிருக்கிறதோ அதே விகிதம்தான். தராசில் எடை போட்டு அளக்கிறீர்களா, கோப்பையில் கன அளவாக அளக்கிறீர்களா என்பதையும் கவனியுங்கள். இரண்டுக்கும் எண் வேறு. வேகம் வேண்டுமானால் வேக ஹார்டனர் வாங்க வேண்டும்.

இரண்டு நிமிடம், கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். கலக்கியதை உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். ஆழமான கோப்பையில் விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். முதல்முறை அந்தப் புகையைப் பார்த்தவர்கள் அடுத்த தடவை சின்னச் சின்னதாகவே கலக்குவார்கள்.

கையுறை இல்லாமல் ஒருநாள்கூட வேண்டாம். நைட்ரைல் கையுறைதான். எபாக்ஸி ஒவ்வாமை முதல் நாள் வராது. ஐம்பதாவது நாள் வரும், வந்தால் போகாது. முழுதாக இறுகாத எபாக்ஸியைத் தேய்க்கும்போது பறக்கும் தூசும் அதே வேலையைச் செய்யும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் விளிம்பு, அப்புறம் பரப்பு

ப்ளைவுட்டின் முகம் தண்ணீரை மெதுவாகக் குடிக்கும். வெட்டிய விளிம்பு குழாய் மாதிரி உறிஞ்சும். அதனால் பலகையை வெட்டியதும் முதல் வேலை விளிம்புகளுக்கு எபாக்ஸி ஊட்டுவது. தூரிகையால் ஒரு தடவை கொடுங்கள். பத்து நிமிடத்தில் மங்கிப்போகும், அதாவது குடித்துவிட்டது. மறுபடி கொடுங்கள். மினுமினுப்பு அப்படியே நிற்கும்வரை கொடுங்கள். நன்றாக ஊடுருவட்டும் என்று தின்னர் கலக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். தின்னர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். ஊடுருவிய ஆழத்தைவிட மூடிய தடிமன்தான் ஈரத்தைத் தடுக்கிறது.

பலகைகள் சேரும் உள்மூலையில், சிலிக்காப் பொடியோ மரத்தூளோ கலந்த கெட்டி எபாக்ஸியை வளைவாக வழித்து விடுவதை ஃபில்லட் என்பார்கள். அது மூட்டுக்குப் பலம். தண்ணீர் தேங்கும் கூர்மூலை ஒன்றையும் அது ஒழிக்கிறது. லேசான நுண்கோளப் பொடி கலந்த கலவை தேய்க்க வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆசைப்பட்டு அதை மூட்டில் போட்டுவிடாதீர்கள், அது மேல்பட்டிக்கு மட்டும்.

பரப்புக்கு உருளையால் மூன்று பூச்சு. இரண்டு போதும் என்று படிப்பீர்கள். தேய்க்கும்போது பாதிப் பூச்சு போய்விடும் என்பதால் மூன்று. முதல் பூச்சுக்கு நேரம் முக்கியம். காலையில், வெயில் ஏறும்போது பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து வெளியே வரும். பூச்சு முழுக்கக் குமிழி. குமிழி உடைந்த ஒவ்வோர் இடமும் ஊசித்துளை. மாலையில், சூடு தணியும்போது பூசிப் பாருங்கள்: காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுக்கும். அதே மரம், அதே டப்பா, பூச்சு கண்ணாடி மாதிரி நிற்கும்.

முந்தைய பூச்சு நகம் பதிகிற பதத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டால் இரண்டும் ஒன்றாகப் பிணையும், தேய்க்கத் தேவையில்லை. முழுக்க இறுகிவிட்டதென்றால் மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் வந்திருக்கலாம். அது எபாக்ஸி இறுகும்போது ஹார்டனரிலிருந்து வருவது. வெறும் தண்ணீரும் சொரசொரப்பான தேய்ப்பு நாரும் போதும், கழுவிவிடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கை உள்ளே தேய்த்துவிடுகிறீர்கள். அதன்மேல் போடும் பெயின்ட் பாளம் பாளமாக உரியும்.

துணி விரிப்பது

சின்னப் படகில் பலத்தின் பெரும்பங்கு பலகைதான். வெளியே ஒட்டும் கண்ணாடியிழைத் துணி உராய்வைத் தாங்கும், ப்ளைவுட்டின் மேல் ஏடு வெடிக்காமல் பிடிக்கும், எபாக்ஸி பூச்சு சீரான தடிமனில் நிற்க உதவும். சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவிலான நெய்த துணி ஒன்று பெரும்பாலான சின்னப் படகுகளுக்குப் போதும். வெட்டிழைப் பாயைத் தவிருங்கள். அதன் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும்.

துணியைக் காய்ந்தபடியே விரித்து, சுருக்கமில்லாமல் கையால் நீவி, நடுவில் எபாக்ஸியை ஊற்றி, ரப்பர் தகட்டால் ஓரங்களை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். வெள்ளைத் துணி கண்ணெதிரே மறைந்து மரத்தின் ரேகை தெரியும். பால் போல வெளுத்து நிற்கிற இடத்தில் ரெசின் போதவில்லை. பளபளவென்று நிற்கிற இடத்தில் அதிகம். துணி அங்கே மிதக்கிறது, வழித்து எடுங்கள். நெசவின் வடு லேசாகத் தெரிய வேண்டும், அதுதான் சரியான பதம். அந்த வடுவை அடுத்த பூச்சுகள் நிரப்பும்.

பாலியெஸ்டர் மலிவு என்று இந்த இடத்தில் ஆசை வரும். பாலியெஸ்டர் இறுகும்போது கணிசமாகச் சுருங்கும், மரத்தோடு பிடிப்பும் குறைவு. சில வருஷத்தில் தோல் தனியே கழன்று, இடையில் தண்ணீர் நிற்கும். பழைய 'ஃபைபர் போட்ட' மரப் படகுகளின் கெட்ட பேருக்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதிக்குக் காரணம், தனித்தனி மரப்பலகைகள் அடித்த படகின் மேல் துணி போட்டது. அந்தப் பலகைகள் ஈரத்தில் வீங்கும், வெயிலில் சுருங்கும். மேலே எந்தத் தோலும் தாங்காது. ப்ளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருப்பதால் அந்த அசைவு மிகக் குறைவு. துணி அதன்மேல் நிற்பது அதனால்தான்.

இப்போது கப்பல்புழு. கடல்நீரில் எபாக்ஸித் தோல் முழுதாக இருக்கும்வரை புழு உள்ளே போகாது. அடியில் ஒரு கீறல் மரம் வரை போனால் போதும். வெளியே ஊசித்துளைதான் தெரியும், உள்ளே சுரங்கம். எல்லோரும் மறக்கும் இடம் நடுப்பலகைப் பெட்டியின் உட்புறம். (படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க அடியில் இறக்கும் பலகைதான் நடுப்பலகை; அது ஏறி இறங்குவது இந்தப் பெட்டிக்குள்.) கட்டி முடித்தபின் அதற்குள் கையே போகாது, தூரிகை எப்படிப் போகும்? பெட்டியை மூடுவதற்கு முன்பே இரண்டு உள்முகங்களுக்கும் துணி போட்டு மூன்று பூச்சும் கொடுத்துவிடுங்கள். நடுப்பலகை உரசுகிற இடத்தில் இரட்டைத் துணி.

ஓட்டை போடும் முறை

படகில் எதைப் பொருத்தினாலும் இதே வழிதான், ஒரு சின்னக் கொக்கிக்குக்கூட விதிவிலக்கு இல்லை. 5 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 10 மில்லிமீட்டருக்கு ஓட்டை போடுங்கள். அடியில் நாடா ஒட்டி அடையுங்கள். முதலில் பொடி கலக்காத எபாக்ஸியைச் சின்னக் குச்சித் தூரிகையால் ஓட்டையின் சுவர் முழுக்கத் தடவுங்கள், மரம் குடிக்கட்டும். பிறகு சிலிக்கா கலந்த கெட்டி எபாக்ஸியால் நிரப்புங்கள். காற்று அடைபடாமல் மெதுவாக, ஊசியில்லாத சிரிஞ்சு இதற்கு வசதி. மறுநாள் இறுகியதும் அதன் நடுவில் 5 மில்லிமீட்டருக்கு ட்ரில் போடுங்கள்.

இப்போது போல்ட் நிற்பது எபாக்ஸிக் குழாயில். போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் சீலன்ட் ஒருநாள் விட்டுப்போகும், அது நிச்சயம். அப்போது உள்ளே இறங்கும் தண்ணீர் மரத்தைத் தொடாமல் படகுக்குள் சொட்டும். நீங்கள் துடைத்துவிட்டுச் சீலன்ட்டை மாற்றுவீர்கள், அவ்வளவுதான். நான் முதலில் சொன்ன அந்த டெக்கில் இந்த ஒருநாள் வேலையைச் செய்திருந்தால் அரை மாத வேலை மிச்சப்பட்டிருக்கும்.

பெயின்ட்

எபாக்ஸிக்கு வெயில் ஆகாது. மேலே எதுவும் போடாமல் விட்டால் புற ஊதா ஒளியில் மஞ்சளாகி, மங்கி, மாவு மாதிரி உதிரும். பெயின்ட் அழகுக்காக அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்னிஷ் போட்டு மர ரேகையைக் காட்ட ஆசையென்றால் புற ஊதா தடுப்பான் உள்ள வார்னிஷை வருஷா வருஷம் புதுப்பிக்கத் தயாராக இருங்கள்.

நிறம் வெளுப்பாக இருக்கட்டும். சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளக ஆரம்பிக்கும். கறுப்போ கருநீலமோ அடித்த டெக் வெயிலில் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். துணியின் நெசவு பெயின்ட் மேலேயே பதிந்து தெரியும். கருநீலம் எவ்வளவு அழகு என்று எனக்கும் தெரியும். பக்கவாட்டில் ஒரு கோடு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கியபின்

படகை மூடி வையுங்கள், ஆனால் காற்றை அடைக்காதீர்கள். துணிக்கூடாரம் போல ஒரு மூடி, இரண்டு முனையிலும் காற்று போக வழி. உள்ளே அடைத்த மிதவை அறைகளின் மூடிகளைக் கரைக்கு வந்ததும் திறந்து வையுங்கள். அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, சற்று உயர்த்தி, பின்பலகையின் வடிகால் அடைப்பானைக் கழற்றி விடுங்கள். உள்ளே குறுக்குச் சட்டங்களின் அடியில் தண்ணீர் ஓடும் துளைகளை இலை, மணல் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்கியது கடல் தண்ணீரென்றால் இரண்டு நாள் பொறுக்கலாம். மழைத் தண்ணீரென்றால் அன்றே துடையுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மரச்சுத்தியலின் பிடியால் படகு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்' என்று தெளிவாகச் சொல்லும். மந்தமாக ஒலித்தால் அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள், ஈரமானியை வையுங்கள், சந்தேகம் தீராவிட்டால் குத்தூசியால் ஓரிடத்தில் குத்திப் பாருங்கள். குத்திய துளையை எபாக்ஸியால் அடைக்க மறக்காதீர்கள்! பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனைதான். கிளீட், பாய்மரக் கால், பின்பலகை விளிம்பு, நடுப்பலகைப் பெட்டியின் அடி ஆகிய நான்கையும் பார்த்தபின்தான் விலை பேச வேண்டும்.

மக்கிவிட்டதென்றால்

மக்கிய மரத்தில் நீர்த்த எபாக்ஸியை ஊற்றிக் 'குணப்படுத்த' முடியாது. மேலே கல் மாதிரி ஆகும், சுற்றியிருக்கும் ஈரமரத்தில் பூஞ்சை தன் வேலையைத் தொடரும். வெட்டித்தான் எடுக்க வேண்டும். நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, அதற்கு மேலும் நான்கு விரல் தள்ளி வெட்டுங்கள். பிறகு காய வையுங்கள். இதற்குத்தான் பொறுமை போகும், வாரக்கணக்கில் ஆகலாம். 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை எதையும் ஒட்டாதீர்கள்.

விளிம்பைத் தடிமனின் எட்டு மடங்குக்குச் சரிவாக இழையுங்கள். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர் சரிவு. இழைக்கும்போது அடுக்குகளின் பசைக்கோடுகள் இணைகோடுகளாகத் தெரியும். கோடுகள் நேராக ஓடினால் சரிவு சீராக இருக்கிறது, வளைந்தால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புதுத் துண்டையும் அதே சரிவில் இழைத்து, இரண்டு முகத்துக்கும் முதலில் வெறும் எபாக்ஸி, பிறகு கெட்டி எபாக்ஸி கொடுத்து ஒட்டுங்கள். அளவாக அழுத்துங்கள், இறுக்கிப் பிழிந்தால் பசை முழுக்க வெளியே வந்து மூட்டு வறண்டுவிடும். மேலே துணி போடும்போது பழைய துணியின் ஓரத்தையும் சரிவாகத் தேய்த்து, புதுத் துணி அதன்மேல் ஏறிப் படியும்படி வையுங்கள்.

அந்தப் பழைய டெக்கை நான் இப்படித்தான் மாற்றினேன். கிளீட்டைத் திரும்பப் பொருத்தும்போது 10 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டைக் கையில் எடுத்ததும் படகின் சொந்தக்காரர், "இவ்வளவு பெரிய ஓட்டையா?" என்று பதறினார்.